பூஜை அறைக்கு வந்த சங்கு

எனக்குக் கடலென்றால் பயம். திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கரையில் கால் நனைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தபோது, அங்கே கடல் உயிர்களை வைத்திருக்கும் கூடத்தை மட்டும் எப்படியாவது கழித்துக்கட்டிவிடலாமா என்று பார்த்தேன். நடக்கவில்லை. பிள்ளைகள் பஸ் ஏறியதே அதற்காகத்தான்.

அன்றைக்கு எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. என் ஆறு வயது மகளுக்கு ஜுரம். கணவர் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கு லீவு கிடையாது. எனக்கும் கிடையாது. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அரசாங்க ஆபீசில் ஆடிட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த பழக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. நான் அரிந்த கொத்தவரங்காயில்கூட அவருக்கு ஆட்சேபணை உண்டு. ஆனால் என் மகள் என்றால் உயிர். குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அத்தையிடம் விட்டுப் போவதில் எனக்குத் துளித் தயக்கமும் இல்லை.

அதற்கு முந்தின நாள் தை அமாவாசை. கணவர் தர்ப்பணம் செய்வதற்கு விழிஞ்ஞம் தாண்டிப் பாறைக் கரைக்குப் போனார். வழக்கமாகப் போகும் சங்குமுகம் கடற்கரையில் கூட்டம் அதிகமாம். கூடவே நாத்தனாரும் போனார். அலை இறங்கியிருந்த நேரம். பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் அவர் கண்ணில் ஒரு சங்கு பட்டிருக்கிறது. எடுத்து, கூஜாவில் பிடித்து வைத்திருந்த கடல் தீர்த்தத்திலேயே போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்ரஹாரத்து வீட்டில் மீனென்றால் மச்சாவதாரம், ஆமையென்றால் கூர்மாவதாரம். அதற்கு மேல் கடல் ஜீவராசிகளோடு எங்களுக்குப் பழக்கமில்லை. சங்கு என்பது கோட்டைக்குள் கடையில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பஞ்சு வைத்த பெட்டியில் விற்கும் சாமான். அது ஒரு பிராணியின் வீடு என்று யாருக்கும் தோன்றியதில்லை. பாலுக்குப் பின்னால் மாடு நிற்பது தெரியும். சங்குக்குப் பின்னால் ஒரு நத்தை இருக்கிறது என்பது தெரியாது. மீன் வாங்கும் வீடாக இருந்தால் முதல் பார்வையிலேயே யாராவது கையை உதறியிருப்பார்கள்.

இது வழக்கமான வலம்புரி, இடம்புரி மாதிரி இல்லை. விரல் நீளம். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், ஐஸ்கிரீம் கோன் போல. மஞ்சளும் பழுப்புமான மேற்புறத்தில் வெள்ளை முக்கோணங்கள் நெருக்கி நெருக்கி வரிசையாக இருந்தன.

"கோபுரம் கோபுரமா இருக்கு பாரு," என்றார் நாத்தனார். "மனுஷா கைபட்டு வரைஞ்சதில்லையாக்கும். தானா வந்திருக்கு. நம்ம தேடிப் போகலை."

நவராத்திரிக்குப் பூ மிதக்கவிடும் கண்ணாடிப் பாத்திரத்தில் கடல் தீர்த்தத்தை ஊற்றி, சங்கை அதில் விட்டு, பூஜை அறையில் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மகள் அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை. சங்குசாமி என்று பேர் வைத்துவிட்டாள்.

அருங்காட்சியகத்தில் அந்தக் கூடம் தெற்குக் கோடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் நீலமாகிவிட்டது. எங்கிருந்தோ அலைச் சத்தம் வேறு போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது; அதன் விலா எலும்புகளுக்கு அடியில் நடந்துதான் மற்றதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நடந்தார்கள். நான் மேலே பார்க்காமல் நடந்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடி ஜாடிகளில் பாம்பு மாதிரி மீன்கள், மீன் மாதிரிப் பாம்புகள், விரல்களை விரித்த கை போன்ற ஏதோ ஒன்று. எல்லாம் வெளுத்து, கண்கள் மட்டும் திறந்திருந்தன. எப்போது வெளியே போவோம் என்று இருந்தது.

சிப்பிகளும் சங்குகளும் இருந்த கண்ணாடி மேஜையைச் சுற்றிப் பெண் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கம் சொல்ல நின்றிருந்த பெண் குனிந்து ஒன்றைக் காட்டினாள்.

"இது காணான் நல்ல பங்கியா. பக்ஷே ஜீவனோடெ கிட்டியால் தொடருது, கேட்டோ," என்றாள். பார்க்க அழகுதான், ஆனால் உயிரோடு கிடைத்தால் தொடக்கூடாது.

எட்டிப் பார்த்தேன். விரல் நீளம். கூம்பு. மஞ்சளும் பழுப்பும். கோபுரம் கோபுரமாக வெள்ளை முக்கோணங்கள்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் வீட்டில் இருப்பது இங்கேயும் இருக்கிறதே என்ற அற்ப சந்தோஷம். அப்புறம்தான் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். கூம்புச் சங்கு. உள்ளே இருக்கும் நத்தை மீனையும் மற்ற நத்தைகளையும் வேட்டையாடித் தின்னும். குழல் போன்ற உறுப்பை வெளியே நீட்டும். அதன் நுனியில் விஷ ஊசி இருக்கும். எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தக் குழல் எட்டிவிடும். இந்த இனத்தில் சிலவற்றின் குத்தால் மனிதர்கள் இறந்ததுண்டு. மாற்று மருந்து கிடையாது.

திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். எழுத்துகள் மாறவில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. என்ன கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடல் தண்ணீரிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். கடல் தண்ணீரிலேயே வைத்திருக்கிறார்கள். அது சாகவில்லை.

நாத்தனாரின் போனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை. அதே கதை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவர் குளித்து மடி உடுத்தியிருக்கும் நேரம். மடி என்றால் தனியாக உலர்த்திய புடவை. அதை உடுத்தி, பூஜை முடிந்து நைவேத்தியம் ஆகும்வரை வேறு எதையும் தொடமாட்டார். போன் அவருக்கு ஊர் அழுக்கெல்லாம் சேர்ந்த வஸ்து. வீடு பற்றி எரிந்தாலும் அதை எடுக்கமாட்டார்.

கணவருக்கு அடித்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு மெசேஜ் வந்தது. இந்த மனிதரின் மீட்டிங் ஒருநாளும் முடிந்ததில்லை. மறுபடியும் நாத்தனாரின் போனுக்கே அடித்தேன். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"அம்மா!" மகளின் குரல். ஜுரத்தில் கொஞ்சம் கம்மியிருந்தது.

"அத்தை எங்கடா கண்ணா?"

"உள்ள சாதம் வடிச்சிண்டிருக்கா. அம்மா, நான் சாமியைக் கையில வெச்சிண்டிருக்கேனே."

"எந்த சாமி?"

"சங்குசாமி. ஜுரம் போயிடும்னு அத்தைதான் கையில குடுத்தா. நைவேத்தியம் கொண்டு வர்ற வரைக்கும் பிடிச்சுக்கணும்."

அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அது நாக்கை நீட்டறது. குட்டியா, ரோஸ் கலர்ல."

கத்தக்கூடாது. அது மட்டும்தான் தெரிந்தது. கத்தினால் பயந்து கையை மூடுவாள். எத்தனையோ வருடமாக வகுப்பில் கத்தியே பழகிய தொண்டையை அந்த ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டு, கதை சொல்கிற குரலில் பேசினேன்.

"கண்ணா, ஆடாம அசையாம இரு. அதைப் பைய பாத்திரத்துத் தண்ணியில விட்டுடு."

"பாத்திரத்துல தண்ணி இல்லையே. அத்தை கிணத்துத் தண்ணி மாத்தறதுக்காகக் கொட்டிட்டா."

"சரி, அப்ப கீழ வெச்சுடு."

"கீழ வெக்கப்படாது!" என் அறியாமையைப் பார்த்து அவளுக்கே அதிர்ச்சி. "சாமியைத் தரையில வெச்சா பாவம். அத்தை சொல்லியிருக்கா."

"அத்தையைக் கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். எங்கோ உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது: "இருடீ வரேன், கஞ்சி வடிஞ்சிண்டிருக்கு. கையை விட்டுடாதே, கெட்டியா பிடிச்சுக்கோ!"

"கண்ணா, அம்மா சொல்றதைக் கேளு. பூத்தட்டு இருக்கோல்லியோ? பூ மேல படுக்க வை. சாமிக்குத் தூக்கம் வர்றது."

"தூக்கம் வந்தா நாக்கை நீட்டுமா?"

"அதுக்கும் ஜுரம்டா. உன்னை டாக்டர் மாமா நாக்கை நீட்டச் சொல்லலையா? அந்த மாதிரி."

நான் சொன்னது அவள் மனதில் இறங்கியிருக்கிறது. ஆனால் நான் நினைத்த மாதிரி இறங்கவில்லை.

"பாவம், சாமிக்கும் ஜுரமா?" என்றாள். "அப்ப நான் ரெண்டு கையாலயும் பொத்தி வெச்சுக்கறேன்."

"வேண்டாம்!"

அந்தக் கூச்சல் என் தொண்டையிலிருந்துதான் வந்தது. கூடம் முழுவதும் அடங்கிப்போனது. போனில் டொக்கென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தால் மணி போகவேயில்லை.

என்னோடு வந்திருந்த டீச்சர் ஓடிவந்தார். "எந்து பற்றி டீச்சரே?" என்ன ஆயிற்று என்று கேட்கிறார். கண்ணாடி மேஜையைக் காட்டினேன், போனைக் காட்டினேன், மகள் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "டீச்சர் பொய்க்கோ, பிள்ளேரெ ஞான் நோக்காம்," நீங்கள் போங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். அந்தப் புண்ணியவதிக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டருகில் ஆட்டோ நின்றிருந்தது. கோட்டைக்குப் போகணும், குழந்தைக்கு முடியவில்லை என்றதும் அந்த மனிதர் மீட்டரைக்கூடப் போடாமல் கிளப்பினார். பாளையத்தில் சிக்னல். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஏதோ ஊர்வலம். கொடி பிடித்துக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. எந்த நியாயத்துக்காக வேண்டுமானாலும் நடக்கட்டும், என் குழந்தை பிழைத்த பிறகு நடக்கக்கூடாதா? கிழக்கேக்கோட்டை வரும்வரை நான் வேண்டாத தெய்வமில்லை. பாதியில் ஒரு யோசனை வந்து என்னைப் பயமுறுத்தியது: நான் யாரிடம் வேண்டிக்கொள்கிறேன்? அவள் கையில் வைத்திருப்பதையும் சாமி என்றுதானே கொடுத்தோம்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. சின்ன உள்ளங்கை. நடுவில் அந்த ரோஸ் நிறக் குழல், எங்கே குத்தலாம் என்று தடவிப் பார்க்கிறது.

தெருவுக்குள் ஆட்டோ நிற்பதற்குள் குதித்தேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, காலை அலம்பவில்லை. பூஜை மணிச் சத்தம் கேட்டது. மணி அடிக்கிறது என்றால் நாத்தனார் அமைதியாக இருக்கிறார். நாத்தனார் அமைதியாக இருக்கிறார் என்றால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லது குழந்தைக்கு ஆனது அவருக்குத் தெரியவில்லை. கூடத்தைக் கடக்கிற நாலு எட்டில் இத்தனையும் நினைத்தேன்.

மகள் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தாமரை மாதிரி குவித்து மார்புக்கு நேரே வைத்திருந்தாள். போன் ஊஞ்சலுக்கடியில் கிடந்தது. அவள் நழுவவிட்டது போனைத்தான். சங்கை விடவில்லை.

"ஐயோ, மடி! உள்ள வராதே!" என்று நாத்தனார் கத்தினார். "செருப்போட வர்றியே, உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

பூத்தட்டை எடுத்து மகளின் கைகளுக்கு ஒட்டினாற்போல் பிடித்தேன். "விரலை மட்டும் மெதுவா விரி. அவ்வளவுதான். சாமி தானா பூவுக்கு வரும்," என்றேன். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தையின் உத்தரவு வரவில்லை. என் முகத்தில் எதைக் கண்டாரோ, நாத்தனாரின் கையில் மணி அப்படியே நின்றது.

"அம்மா சொல்றபடி பண்ணு," என்றார் மெல்ல.

விரல்கள் விரிந்தன. சங்கு மல்லிகைப்பூவில் சரிந்து விழுந்தது. குறுகிய முனையிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு நூல் வெளியே வந்து, ஒரு பூவைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. நாத்தனாரும் அதைப் பார்த்தார்.

தட்டைத் தரையில் வைத்தேன். நைவேத்தியத்துக்குக் கொண்டுவந்திருந்த வெண்கலப் பானையிலிருந்த சாதத்தை ஓரமாகக் கொட்டி, பானையைத் தட்டின்மேல் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. மகளின் கைகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து விரல் விரலாகப் பார்த்தேன். சிவப்பு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா. அவள் கூசுகிறது என்று சிரித்தாள். அழுதுகொண்டே நான் படித்ததைச் சொன்னேன். நாத்தனார் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காலம்பற நான் இதைக் கையில வெச்சிண்டு ஸஹஸ்ரநாமம் முழுக்கச் சொன்னேன்," என்றார் கடைசியில். "அப்புறம்தான் குழந்தை கையில குடுத்தேன். நானாத்தான் குடுத்தேன்."

குழந்தைகள் டாக்டர் அடுத்த தெருவில் இருக்கிறார். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் பார்த்தால் நாத்தனாரும் வந்துகொண்டிருக்கிறார், மடிப் புடவையோடு, வெறுங்காலோடு, நட்டநடுத் தெருவில். யார்மேலோ இடித்தார், அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவர் அப்படி வெளியே வந்து நான் பார்த்ததேயில்லை.

டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், கையைச் சுரண்டினார், முட்டியில் தட்டினார், மூச்சு விடச் சொன்னார். குத்தியிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும், இருந்தாலும் கொஞ்ச நேரம் இங்கேயே உட்காருங்கள் என்றார். ஜுரம்கூட இறங்கியிருக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டு நாத்தனார் சந்தோஷப்படவில்லை. கணவர் போனில் கிடைத்தார். மீட்டிங் ஒருவழியாக முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் அவர்தான் இடுக்கியால் அந்தச் சங்கைப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடி, விழிஞ்ஞத்துப் பாறையிலேயே கொண்டுபோய் விட்டுவந்தார். அது உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால், டாக்டர் சொன்னபடி கிளினிக் பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மகள். அவளுடைய வலது கை என் கையில், இடது கை அவள் அத்தையின் கையில். இரண்டு பேரும் அந்த விரல்களை விடுவதாக இல்லை.

"உனக்குப் பயமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருந்தது. அது நாக்கால என் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நீ வேற போன்ல கத்தினியா, கை ஆடிடுத்து. ஆனா நான் விடலையே." அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். "அது கடிச்சிருந்தாக்கூட கீழ போட்டிருக்க மாட்டேன் அத்தை. சாமியாச்சே."

சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சமத்து என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.